கறுப்பைக் காட்டுங்கள்

சத்தம்தான் முதலில் வந்தது.
கட்டாரிலிருந்து அத்தான் அனுப்பிய பெட்டிக்குள்
ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும்.
அதற்கேற்ற படம் இல்லாமல்
முப்பத்திரண்டு அங்குலத்துக்குள்
எறும்புகள் சண்டைபிடிக்க
ஆனைகள் மிதிக்கும் சத்தம் கேட்டோம்
பத்து மாதமாய்.
சுவர்க் கடிகாரம் இரண்டு தரம் விழுந்தது.

எழுபத்தைந்து என்றான் ஜெயரூபன்.
கடையில் எது பெரிசோ அது என்றாள் கேஷிகா.
எனக்கு நில அளவைக் கந்தோரில் வேலை,
நாடா பிடிக்காமல் எதையும் நம்பமாட்டேன்.
கதிரையிலிருந்து சுவருக்கு ஒன்பதடி நாலங்குலம்.
இருந்தால் கண்மட்டம் மூன்றடி ஐந்து.
பழைய பேப்பர்களை ஒட்டி
ஐம்பத்தேழுக்கு முப்பத்திரண்டாய் வெட்டிச்
சுவரில் ஏற்றினேன்:
அறுபத்தைந்து.
பழைய ரீவியின் மூலைவிட்டம்
இதற்கு வெறும் உயரம்.

ஒரு கிழமை அதுதான் எங்கள் ரீவி.
நடுவில் நெல் விலை,
வலப்பக்கம் மணமகன் தேவை,
மேல்மூலையில் மரண அறிவித்தல்கள்.
சோறு தின்றபடி பார்த்தோம்.
கழுத்து நோகிறது என்று
நாலங்குலம் இறக்கினோம்.

எங்கள் கல்லடி வீட்டுக்குள்
நாலு மணிக்கு வாவி வரும்.
மேற்கு யன்னலால் நுழைந்து
நெளிந்து நெளிந்து
அந்தச் சுவரில்தான் ஏறும்.
எத்தனை வருசமாய் வந்ததோ,
வெறுஞ்சுவரில் நான் கவனிக்கவில்லை.
பேப்பர் ஒட்டிய பிறகுதான் கண்டேன்,
மேல்மூலை முகங்கள்
தண்ணீருக்குள் அசைவதை.

எழும்பிப் போய் அந்தத் தாளை மட்டும் உரித்து
விளையாட்டுப் பக்கத்தை ஒட்டினேன்.
ஏனென்று ஜெயரூபன் கேட்கவில்லை.

திருமலை வீதிக் கடையில்
இருபத்திரண்டு திரையிலும் ஒரே கிளி
ஒரே பழத்தை ஒரே நேரம் கொத்தியது.
"நிறத்தப் பாருங்க மெடம்," என்றான் இஃப்லால்,
"கைல வந்து குந்தின மாதிரி இரிக்கி."
நிறம் எல்லாத்துக்கும் வரும் தம்பி,
கறுப்பைக் காட்டுங்கள் என்றேன்.
அவன் ஜெயரூபனைப் பார்த்தான்.
ஜெயரூபன் சீலிங்கைப் பார்த்தான்.

என் பென் டிரைவில் இருந்தது மூன்று நிமிடம்:
போன அமாவாசையில்
எங்கள் கரையில் நின்று ஃபோனில் எடுத்த கடல்,
தூரத்தில் ஒரே ஒரு தோணி விளக்கு.

முதல் திரையில் கடல்
சாம்பல் கரைத்த தண்ணி.
இரண்டாவதில் கறுப்பு வந்தது,
ஆனால் விளக்கைச் சுற்றிப் பால் சிந்தியிருந்தது.
மூன்றாவதில் கடலே இல்லை.
இருந்தது, தெரியவில்லை.
கரையில் நின்றபோதும்
எனக்கு அப்படித்தான்.

"விலை இரிக்கட்டும் மெடம்,
இது கண்ணாடி மாதிரி.
யன்னல் வெளிச்சம் பட்டா
பகல்ல ஒங்கட முகந்தான் தெரியும்.
நல்ல தடிச்ச கேட்டினா ஒண்டு போடுங்க,"
விற்க வந்தவன் வாயால் ஒரு குறை கேட்டதும்
எனக்கு நம்பிக்கை வந்தது.

அறுபத்தைந்து எட்டாது.
ஐம்பத்தைந்து, இருபத்துநாலு மாதத் தவணை.
கையெழுத்துப் போடும்போது
எழுபத்தைந்து கேட்ட முகம்
இருபதங்குலம் சுருங்கிப்போயிருந்தது.
திரும்பி வரும் வழியில் பாலம் தாண்டும்வரை
அவன் பேசவில்லை,
தாண்டியதும் கொத்துரொட்டி வாங்குவோமா என்றான்.

கேட்டின் வாங்கவில்லை.
நாலு தொடக்கம் ஐந்தரை மட்டும்
ரீவி போடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

புதன்கிழமை இரவு, லைட்டுகளை அணைத்துவிட்டு
முதலில் அந்த மூன்று நிமிடத்தைத்தான் போட்டேன்.
விளக்கு, அதைச் சுற்றி ஒன்றுமில்லை.
நான் மறந்தது சத்தத்தை.
ஃபோனின் கடுகளவு மைக்குக்குள் விழுந்த அலை
முன்னாலும் கதிரைக்குப் பின்னாலும் எழும்பி
நிலத்தால் வந்து காலைத் தொட்டது.

ஜெயரூபன் இருட்டுக்குள் தடவிப்போய்
வூஃபரின் வயரை மட்டும் கழற்றினான்.
நானும் கேட்கவில்லை.

"அம்மா," என்றாள் கேஷிகா,
"அந்தக் கிளியப் போடுங்கம்மா."